ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

"வாந்தி நிக்கிறதுக்கு ஏதாச்சும் குடுங்கக்கா."

"யாருக்கு?"

"வீட்டுல ஒரு ஆளுக்கு."

"ஆளுன்னா? கைப்பிள்ளையா, கிழவனா? கிழவனுக்குக் குடுக்கிறதைப் பிள்ளைக்குக் குடுத்தாத் தாங்காது. பிள்ளைக்குக் குடுக்கிறதைக் கிழவனுக்குக் குடுத்தாக் காணாது."

"நடுத்தரமான ஆளுக்குத்தாங்கக்கா."

சம்சாத் தராசிலிருந்து கண்ணை எடுத்தார். விருதுநகர் தெப்பத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த நாட்டு மருந்துக் கடையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். கணவர் அசன் முகம்மது சரக்கு எடுக்க ஊர் ஊராக அலைவார். கடையில் உட்காருவதும் வருகிறவர்களிடம் வாய் கொடுப்பதும் சம்சாத்தின் வேலை. எதிரே நின்ற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் வெள்ளி நிறம் ஏறியிருந்தது. பட்டாசுக் கம்பெனிப் பவுடர், எந்தச் சோப்புக்கும் போகாது. ஆடிக் காற்றில் புழுக்கம் குறையாத அந்த மத்தியானத்திலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தாள். ஒரு கை மேசை விளிம்பையும் மறு கை ஒரு துணிப்பையையும் பிடித்திருந்தன.

"அந்த நடுத்தரமான ஆளு நீதானத்தா?"

"திரிகடுகம் குடுங்கக்கா. சுக்கு, மொளகு, திப்பிலி. அதுதான் வயித்துக்குக் கேக்கும்னு சொன்னாக" என்றாள்.

சம்சாத் டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டார்.

"அம்மா, கட்டாதீங்க." குரல் கடையின் பின்கட்டிலிருந்து வந்தது.

"ஆரம்பிச்சுட்டா" என்றார் சம்சாத். "என் மக ஹாதியா. ஆயுர்வேதம் படிச்ச டாக்டரு. கேட்ட சரக்கைக் கட்டிக் குடுத்தா அது கடை. ஏன், எதுக்கு, எப்பருந்துன்னு கேட்டா அது போலீஸ் ஸ்டேஷன். என் கடைக்குள்ள ரெண்டும் நடக்குது. போ, உள்ள போயி உக்காரு. நிக்க முடியாம நிக்கிற."

பின்கட்டில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் சான்றிதழ். ஹாதியா இருபத்தெட்டு வயதுக்காரி. தலையில் போட்டிருந்த துணியைச் சரி செய்துகொண்டு நாற்காலியைக் காட்டினாள்.

"பேரு என்னக்கா?"

"வேலுத்தாய். ஆமத்தூரு."

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"மாத்திரை சாப்பிடுறேன்னு நான் சொல்லவே இல்லையே."

"வாந்தின்னு வர்றவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. நீங்க பையைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

வேலுத்தாய் பையை மடியில் வைத்துத் திறந்தாள். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தாள். செங்கல் நிறத்தில் மாத்திரை அட்டைகள். முந்தானையையும் தளர்த்தினாள். காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு முடிச்சு.

"டி.பி. கட்டி" என்றாள். "எலுமிச்சங்கா தண்டி இருந்துச்சு. ஒண்ணரை மாசம் மாத்திரை சாப்பிட்டதுல புளியங்கொட்ட தண்டி ஆயிருச்சு. மாத்திரை நல்ல மாத்திரைதான். உள்ள தங்க மாட்டேங்குது. மூணையும் போட்ட உடனே கொமட்டும். வேன் ஆமத்தூரத் தாண்டுறதுக்குள்ள கக்கிருவேன். மத்தியானம் ஒரு வாய் சோறு எறங்காது. அஞ்சு நாளா மாத்திரையே போடல."

"ஆறு மாசம் விடாம சாப்பிடணும்னு சொன்னாங்கல்ல?"

"சொன்னாக. டி.பி. ஆபீசுல கதிரவன்னு ஒரு தம்பி, வாரத்துக்கு ரெண்டு தரம் போன் போடும். அதுகிட்ட சாப்பிட்டேன், சாப்பிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரரு கூடப் பொறந்த அண்ணன், ஒச்சப்பன்னு பேரு. அவருக்கும் இதே சீக்குத்தான். மூணாம் மாசம் தெம்பு வந்துருச்சுன்னு நிறுத்துனாரு. அடுத்த ஆடிக்கு அவரு இல்ல. அதனால எனக்கு நிறுத்துற யோசனையே கெடையாது டாக்டரம்மா. உள்ள போனது உள்ள கெடக்கணும். அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"சரி. காலையில எந்திரிச்சதுலருந்து என்னென்ன வாய்க்குள்ள போகுதுன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம."

"அஞ்சு மணிக்கு ஒரு செம்பு நீராகாரம். ராத்திரி ஊறப் போட்ட வெந்தயம் ஒரு கை. அப்புறம் மாத்திரை. ஆறு மணிக்கு வேன். வெம்பக்கோட்டைப் பக்கம் கம்பெனி. சரம் பின்னுற வேல. பத்து மணிக்கு எளநி கெடச்சா எளநி. ராத்திரிக்குப் பளைய சோறும் மோரும்."

"இவ்வளவு குளிர்ச்சி எதுக்கு?"

வேலுத்தாய் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணுக்கு செவப்பாப் போகுது. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டாரு. ஒடம்புல அம்புட்டும் சூடுன்னு சொல்லிட்டாரு. அன்னைலருந்து அவரு கையாலயே நீராகாரம் கலக்கிக் குடுக்காரு."

"அக்கா, அது மாத்திரையோட நிறம். இந்த மாத்திரை சாப்பிட்டா எல்லாருக்கும் அப்படித்தான் போகும். கதிரவன் சொல்லலையா?"

"மொத நாளு முப்பது விசயம் சொன்னுச்சு. அதுல இதும் இருந்திருக்கும்."

"மாத்திரைக்கு ஏத்த நிறம்" என்று முன்பக்கத்திலிருந்து சம்சாத் சொன்னார். "பீட்ரூட் தின்னுட்டு ஒருத்தன் இப்படித்தான் என் கடைக்கு அழுதுக்கிட்டே வந்தான்."

"அம்மா."

"நான் தராசத்தான் பாக்குறேன். காது சும்மாதான இருக்கு."

ஹாதியா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "வேற எதாவது? வாரத்துக்கு ஒரு தடவை, மாசத்துக்கு ஒரு தடவை?"

"ஞாயித்துக்கெளம எண்ணெய் உண்டு."

"என்ன எண்ணெய்?"

"வெளக்கெண்ணெய்தான். எங்க லைன் வீட்டுல முத்துமாரியம்மா பெரியம்மா பாட்டிலோட வருவாக. கம்பெனியிலயும் எங்க ரூமுல அவுகதான் மூத்தவுக. பொம்பளையாளு ஒவ்வொருத்திக்கும், பிள்ளைக்குப் பால் ஊத்துற பாலாடையால ஒரு பாலாடை. வாரமெல்லாம் மூக்குலயும் வாயிலயும் போன தூசி அம்புட்டும் எறங்கிரும்."

"தூசி போறது நெஞ்சுக்குள்ள. வயித்தைக் கழுவுனா நெஞ்சு எப்படிக்கா சுத்தமாகும்?"

"அதப் பெரியம்மாகிட்டக் கேட்டா பாலாடையாலயே அடிப்பாக. நான் வாந்தி எடுக்கிறதப் பாத்துட்டு, நல்லா வெளியேறுது, இன்னுங் கொஞ்சம் குடின்னு ரெண்டு வாரமா ரெண்டு பாலாடை ஊத்துறாக."

"மாத்திரை சாப்பிடுறது அவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

ஹாதியா எழுந்து வந்து அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வலது விலா எலும்புக்குக் கீழே அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கில் மாவு பூசியது போல வெள்ளைப் படிவு.

"இன்னைக்கு நான் உங்களுக்கு எதுவும் குடுக்கப் போறதில்ல."

"ஏன்?"

"இந்த மாத்திரை சிலருக்கு ஈரலைத் தொந்தரவு பண்ணும். அப்பவும் இதே மாதிரிதான் குமட்டும். எது எதுன்னு தெரியாம நான் வாந்தியை மட்டும் நிறுத்தினா உள்ள நடக்கிறது மறைஞ்சு போயிரும். நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில ரத்தம் குடுங்க. வாந்தி வருது, அஞ்சு நாளாப் போடலைன்னு கதிரவன்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. ரிசல்ட்டோட வாங்க."

"ஒரு துண்டு சுக்குக் கூடக் கெடையாதா?"

"கிடையாது. திரிகடுகம் எப்பவுமே வேணாம். மிளகும் திப்பிலியும் மாத்திரை ரத்தத்துல ஏறுற அளவையே மாத்திரும். எண்ணெய், வெந்தயம், நீராகாரம் மூணையும் இன்னைலருந்து விட்டுருங்க."

வேலுத்தாய் வெறுங்கையோடு வெளியே வந்தாள். சம்சாத் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"பாத்தியா. வந்த யாவாரத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அவ போகச் சொன்னாப் போ. நான் பெத்தவ. எனக்கே அவ ரத்தம் பாக்காம ஒரு உருண்டை லேகியம் குடுத்ததில்ல."

சனிக்கிழமை வேலுத்தாய் கணவனோடு வந்தாள். சீனிச்சாமி தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். தோள் அகலமானவர், பேச்சும் அப்படித்தான். பின்கட்டு நாற்காலியில் உட்காராமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

ஹாதியா காகிதத்தைப் படித்தாள். ஈரல் சரியாக இருந்தது. அன்று காலையில் ஆஸ்பத்திரி டாக்டர் திட்டிவிட்டு, மறுநாளே மாத்திரையைத் தொடங்கச் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றில் தாங்காவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று எழுதியிருந்தார். ஹாதியா கதிரவனுக்குப் போன் போட்டுத் தான் கொடுக்கப் போவதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சாப்பாடு மாதிரிதான இருக்கு, குடுங்க மேடம்" என்றான் அவன். "மாத்திரை போட்டு அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா எனக்கு உடனே போன் பண்ணச் சொல்லுங்க. எட்டு நாள் விட்டாச்சு. இனி ஒரு நாள் விடக்கூடாது."

போனை வைத்ததும் சீனிச்சாமி ஆரம்பித்தார்.

"சுக்குப் போட்ட கஞ்சின்னு சொன்னீகளே. சூட்டுக்குச் சூடே குடுப்பாகளா? எந்த ஊரு வைத்தியம் இது?"

"அண்ணே, அவங்களுக்குச் சூடு இல்ல. வயித்துல இருக்க வேண்டிய தீ அணைஞ்சு கிடக்கு. சாப்பிட்டது வேகல. வேகாதது மேல வருது. எங்க படிப்புல அதை அக்கினின்னு சொல்லுவோம்."

"எங்களுக்கா அக்கினி தெரியாது? நான் தெனம் அதத்தான் லாரியில ஏத்துறேன்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்."

"எனக்கு எதுவும் சொல்ல வேணாம். கண்ணால பாத்தேன், செவப்பாப் போகுது. சூடுன்னா என்னன்னு எங்காத்தா சொல்லிக் குடுத்திருக்கு..."

"இருங்க" என்றாள் வேலுத்தாய்.

"நீ சும்மா இரு புள்ள."

"நீங்க இருங்கங்கிறேன். ஐப்பசி மழையில பட்டாசுத் திரி நமுத்துப் போனா என்ன செய்வீக?"

"வெயில்ல போடுவேன்."

"தண்ணியில போடுவீகளா?"

"கோட்டிக்காரனா நானு?"

"அடுப்புல போடுவீகளா?"

"குடும்பத்தோட சாகவா?"

"அதத்தான் அந்தப் பிள்ளை சொல்லுது. மொளகும் திப்பிலியும் அடுப்பு. அது வேணாங்குது. சுக்கும் சீரகமும் எளவெயிலு. நீங்க என்னடான்னா ஒண்ணரை மாசமா என்னையத் தண்ணிக்குள்ளயே முக்கி வச்சிருக்கீக. தெனம் ஒரு செம்பு. அப்புறம் எங்கருந்து பத்தும்?"

சீனிச்சாமி மூலையில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஆசையாத்தான கலக்கிக் குடுத்தேன்" என்றார்.

"யாரு இல்லன்னா. குடிச்சேன்ல."

முன்பக்கத்தில் தராசுத் தட்டு வேண்டுமென்றே ஒரு முறை சத்தம் போட்டது. "டாக்டருக்குப் படிச்சவளுக்கே இந்த மாதிரி சொல்ல வரலையே" என்றார் சம்சாத்.

"நல்லாத்தான் சொன்னாங்க, அம்மா. நான் எழுதி வச்சுக்கிறேன்" என்றாள் ஹாதியா. பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் வெந்நீர் நாலு மடக்கு. ஒரு கை நெல்பொரியைத் தண்ணியில கொதிக்க வச்சு, உப்பு, ஒரு சிட்டிகை சுக்கு, சீரகம். சூடு பொறுக்கிற பதத்துல மெதுவாக் குடிங்க. ஒரே மூச்சுல குடிச்சா திரும்பி வந்துரும். அரை மணி நேரம் கழிச்சு ஒரு இட்லி. அப்புறம் மாத்திரை. குமட்டுனா எலுமிச்சைத் தோலைக் கிள்ளி மோந்து பாருங்க. ஏலக்காயைத் தோலோட வறுத்துப் பொடிச்சுத் தர்றேன், அதைச் சாயங்காலம் தேன்ல குழைச்சுத் தொட்டுக்கங்க. மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துக்கு எந்த மருந்துச் சரக்கும் வேணாம். ஒரு வாரத்துக்குப் புளி, எண்ணெய்ப் பலகாரம், கருவாடு கிடையாது. கண்ணு மஞ்சளாச்சுன்னா, வயித்துல வலது பக்கம் வலிச்சா, கஞ்சியைத் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். என்கிட்ட வரக்கூடாது."

"கருவாடுமா?" என்றாள் வேலுத்தாய்.

"கருவாடும்தான்."

சம்சாத் ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தார். "நெல்பொரி. உமி பொறுக்கினது."

"இது கார்த்திகைக்குத்தானக்கா விப்பீக?"

"என் கடையில எல்லா நாளும் கார்த்திகைதான்."

எழுந்திருக்கும்போது சீனிச்சாமி தயங்கினார். "ஞாயித்துக்கெளம எண்ணெய்?"

"இந்த ஆறு மாசத்துக்கு ஒரு சொட்டுக் கூடாது. மாத்திரையும் சேந்து கழுவிட்டுப் போயிரும்."

"பெரியம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. இது கழுத்துக் கட்டி. பக்கத்துல உக்காந்தா, பேசுனா, இருமுனா ஒட்டாது."

"அது உங்களுக்குத் தெரியும் டாக்டரம்மா" என்றார் சீனிச்சாமி. "வேனுக்குத் தெரியாதே. டி.பி.ன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா நாளைக்கே இவ பக்கத்து சீட்டு காலியா இருக்கும்."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லண்ணே" என்றாள் ஹாதியா.

மறுநாள் விடிந்தபோது சீனிச்சாமி அடுப்படியில் நின்றார். வேலுத்தாயைக் கிட்டே விடவில்லை. கலக்கிக் கெடுத்த கை கிண்டித்தான் சரி செய்ய வேண்டும் என்று நினைத்தவர் போலக் கரண்டியைப் பிடித்திருந்தார்.

"உப்பு காணாது."

"குடிக்கிறவ நீ, குடி. பேசாத."

"பொரியக் கஞ்சியாக் காச்சுனா இம்புட்டு ருசியா இருக்கும்னு தெரியாமப் போச்சே."

"மெதுவாக் குடின்னு சொன்னாகள்ல. எவன் வந்து பிடுங்கப் போறான்."

ஆறே காலுக்கு இட்லி. ஆறே முக்காலுக்கு மாத்திரை, ஒன்று, இரண்டு, மூன்று. வேலுத்தாய் சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே சீனிச்சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போனைத் தரையில் நிமிர்த்தி வைத்தார். இருவருக்கும் நடுவில், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு பிளாஸ்டிக் வாளி.

"ஏளே காலு வரைக்கும்" என்றார்.

"தெரியும்."

"கொமட்டுதா?"

"கேக்காதீக. கேட்டா வரும்."

"சரி."

"வாளியத் தள்ளி வைங்க. பாத்தாலே வருது."

வாளி கதவுக்குப் பின்னால் போனது. மணி ஆறு ஐம்பத்தெட்டு. அடிவயிற்றில் கஞ்சியின் வெதுவெதுப்பு அப்படியே இருந்தது. அதன் மேல் மாத்திரைகள் கல் மூன்றைப் போலக் கிடந்தன. வேலுத்தாய் எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளினாள். சரம் பின்னும்போது எத்தனை ஆயிரம் முடிச்சு விழுந்தாலும் கண் சிமிட்டாதவள் அவள். அரை மணி நேரம் ஒரு பொருட்டா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் வரிசையின் கடைசி வீட்டிலிருந்து குரல் கேட்டது.

"ஏத்தா, எந்திரிச்சிட்டீகளா? வாங்கட்டி எண்ணெய்க்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கஞ்சியும் கடிகாரமுமாக இருந்ததில், எண்ணெய் வருகிற நேரமும் இதுதான் என்பதை இருவருமே மறந்திருந்தார்கள்.

குரல் வீடு வீடாக நெருங்கியது. ஒருத்தி முகம் சுளித்த சத்தம், இன்னொருத்தி காறித் துப்பிய சத்தம், பாலாடை பாட்டிலில் இடித்த சத்தம். பக்கத்து வீட்டை எட்டியதும், சத்தத்துக்கு முன்னால் வாடை வந்தது. வழவழப்பான, தொண்டையில் ஒட்டுகிற அந்த வாடை. வேலுத்தாயின் வாயில் நீர் சுரந்தது. கல் மூன்றும் அசைந்தன. அவள் உதட்டை இறுக்கி, தோலை மூக்கில் வைத்து அழுத்தினாள்.

"ஏ வேலு. வாயத் தெறந்துக்கிட்டு வா."

சீனிச்சாமி எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பெரியம்மா, இன்னைக்கு இங்கன வேணாம்."

"உன்ன யாருலே கேட்டா? உனக்குத் தூசியுமில்ல ஒண்ணுமில்ல. அவள வரச் சொல்லு. இன்னைக்கு மூணு பாலாடை. அதுக்கு முந்தின வாரம் பூரா வேனை நாறடிச்சிட்டா."

"அவ தூங்குறா."

"அந்தா கண்ணு முளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீ தள்ளுலே."

பெரியம்மா ஒரு அடி முன்னே வந்தார். திறந்த பாட்டிலும் வந்தது. வேலுத்தாய் கணவனைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தால் சொல் மட்டும் வெளியே வராது. தொண்டைக்குழி வரைக்கும் வந்து நிற்கிறது. கண்ணில் நீர் கட்டி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

சீனிச்சாமி அதைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். ஏழு மூன்று.

"பெரியம்மா, பாட்டில மூடுங்க" என்றார். லோடு ஏற்றும்போது போடுகிற குரல் அது. வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். "அவளுக்கு டி.பி. மாத்திரை ஓடுது. களுத்துல கட்டி. ஆறு மாசம் விடாமச் சாப்பிடணும். இப்பத்தான் மூணு மாத்திரை முளுங்கியிருக்கா. அது உள்ள தங்கணும். தங்கலன்னா எங்கண்ணன் போன வளியிலதான் போவா. அவரு போனது உங்களுக்குத் தெரியும். மூடுங்க மொதல்ல, வாடை வருது."

எண்ணெய் குடித்த பெண்கள் வாசலில் வந்து கூடினார்கள். பெரியம்மா மூடியைத் தேடி, திருகி, பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தார்.

"ஒட்டுமா?"

"ஒட்டாது. டாக்டரம்மா சொன்னாக."

"ஒட்டுனா எனக்குத்தாம்லே மொதல்ல ஒட்டியிருக்கணும். அவ பின்னுன சரத்த நாந்தான அடுக்குறேன்." கொஞ்சம் நிறுத்தி, குரல் இறங்கிக் கேட்டார்: "மாத்திரை முளுங்குனவளுக்கா ரெண்டு வாரமா ரெண்டு ரெண்டு பாலாடை ஊத்துனேன்? ஏன்லே சொல்லல?"

"சொன்னா வேன்ல பக்கத்துல உக்கார மாட்டாகன்னு..."

"எவ எந்திரிப்பா? எந்திரிச்சவ கம்பெனி வரைக்கும் நின்னுக்கிட்டே வரட்டும்." திரும்பி, கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருத்தி தரையைப் பார்த்தாள். ஒருத்தி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது நாளைக்கு வேனில்தான் தெரியும். "எத்தன மணி வரைக்கும்லே?"

"ஏளே காலு."

பெரியம்மா மூக்கை உறிஞ்சினார். எங்கிருந்தோ சட்டி காய்கிற மணம். "ஏட்டி வெள்ளத்தாயி. கருவாட்டுச் சட்டிய எறக்கு. ஏளே காலுக்கு மேல பொரி."

"எண்ணெய் காஞ்சிருச்சே பெரியம்மா" என்று மூன்றாம் வீட்டிலிருந்து குரல் வந்தது.

"காஞ்சா ஆறட்டும். உம் புருசன் ஒரு நாளைக்குக் கருவாடு இல்லாமச் சாக மாட்டான்."

கூட்டம் கலைந்தது. கதவு பாதி மூடியது. சீனிச்சாமி மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வேலுத்தாய் கையை நீட்டி எலுமிச்சைத் தோலில் பாதியைக் கிள்ளி அவரிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மோந்து பார்த்தார்.

ஏழு எட்டு. ஏழு பத்து. தொண்டைக்குழியில் நின்றது மெல்லக் கீழே இறங்கியது. ஏழு பதினான்கில் ஒரு ஏப்பம் வந்தது. சீனிச்சாமி பாய்ந்து வாளியை எடுத்தார். அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

ஏழே கால்.

இரண்டு பேரும் இன்னும் ஒரு நிமிடம், கணக்குக்கு மேலே கொசுறாக, செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே பெரியம்மாவின் குரல் கேட்டது: "ஆயிருச்சாலே?"

"ஆயிருச்சு பெரியம்மா. தங்கிருச்சு."

"ஏ வெள்ளத்தாயி, சட்டிய ஏத்து."

சற்று நேரத்தில் எண்ணெயில் கருவாடு விழுந்த சத்தமும் அதன் பின்னால் மணமும் வரிசை முழுக்கப் பரவின. சீனிச்சாமி பதறிப்போய் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வேலுத்தாய் மூக்கிலிருந்து எலுமிச்சைத் தோலை எடுத்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"பசிக்குது" என்றாள்.

"என்னது?"

"பசிக்குதுங்கிறேன்."

"கருவாடு ஒரு வாரத்துக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. நான் தர மாட்டேன்."

"தின்னப் போறேன்னு நான் சொன்னேனா? வாடை நல்லா இருக்குன்னுதான் இளுக்கேன். இன்னும் ரெண்டு இட்லி எடுத்து வைங்க."